பின்சீட்டுக்காரி

என் கணவரின் முகத்தைவிட அவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் எனக்கு நெருங்கிய பழக்கம். கறுப்பு ஹெல்மெட். நடுவில் நீளமாக ஒரு கீறல், அதற்கு அடியில் பாதி உரிந்த ஸ்டிக்கர். காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் நான் பார்த்துக்கொண்டு வருவது அதைத்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்த நேரத்தையும் இதையும் எடை போட்டால் ஹெல்மெட்தான் ஜெயிக்கும்.

இதை வெளியில் சொன்னால் ஊரே என்மேல் பாயும். 'கொடுத்து வச்சவ' என்பது எனக்கு ஊர் வைத்த பட்டம். நாத்தனார் அதிலும் ஒருபடி மேல். போன் செய்தால், "அண்ணி, எங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் யாருக்குக் கிடைப்பாங்க? எனக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு, தெருமுனை வரைக்கும் கொண்டு விட்டதில்ல" என்று ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவாள். நானும் ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொள்வேன். வேறு என்ன சொல்வது? உங்கள் அண்ணன் என்னைத் தினமும் பத்திரமாகக் கடத்திக்கொண்டு போகிறார் என்றா?

நான் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேப்பில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, அதன்மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக உட்கார வைப்பேன். யாரோ எங்கோ வாய்விட்டுச் சிரிப்பதற்காக நாள் முழுக்க நான் வாயை மூடிக்கொண்டு குனிந்திருக்க வேண்டும். வேலை எனக்குப் பிடிக்கும். அது வேறு கதை.

சாயங்காலம் வாசலில் ஹாரன் கேட்கும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த ஹாரன் லேப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். ரிசப்ஷனில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, வண்டி வந்தாச்சு" என்பாள். மெழுகில் மூன்று பல் நட்டது நட்டபடி நிற்கும். கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன். எதிர்க்கடையில் எல்லோரும் நின்று டீ குடித்துக்கொண்டு லேப்பின் சொந்தக்காரர் டாக்டரம்மாவைப் பற்றிப் புறணி பேசுவார்கள். அந்தப் புறணியில் ஒரு சொல்கூட எனக்கு இதுவரை நேரடியாகக் கிடைத்ததில்லை. மறுநாள் யாராவது ஆறிப்போன செய்தியாகச் சொன்னால் உண்டு.

வழியில் ஒரு துணிக்கடை இருக்கிறது. சிக்னலில் சிவப்பு விழுந்தால்தான் அதன் கண்ணாடியைப் பார்க்க முடியும். பச்சை விழுந்தால் அன்றைக்குப் போச்சு. ஒரு நாள், "இங்க கொஞ்சம் நிறுத்துங்களேன், இறங்கணும்" என்றேன். "எதுக்கும்மா?" என்றார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "சும்மாதான்" என்றேன். "சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ எனக்கு உடம்பு சரியில்லை என்பதுபோல வண்டியை இன்னும் வேகமாக வீட்டுக்கு விட்டார். சும்மா இறங்குவதற்குக் காரணம் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

சரி, பின்னால் உட்கார்ந்து தூங்கவாவது செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எனக்கு அங்கே ஒரு டியூட்டி இருந்தது. எங்கள் வண்டியின் இரண்டு கண்ணாடியையும் சந்துபொந்தில் புகுவதற்குத் தோதாக அவர் உள்பக்கம் திருப்பி வைத்திருப்பார். அதில் வானம் தெரியும், எப்போதாவது அவர் காது தெரியும். பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது நான். இடப்பக்கம் காலியாக இருந்தால் இடது தோளில் ஒரு தட்டு. வலப்பக்கம் என்றால் வலது தோளில். 'பொறு' என்பதற்கு நடுமுதுகில் இரண்டு. கல்யாணமான புதிதில் இது எங்களுக்குள் ஒரு கொஞ்சலாக ஆரம்பித்தது. "கண்ணாடியெல்லாம் பொண்டாட்டி இல்லாதவனுக்கு" என்பார். எனக்கும் அப்போது வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கும். கொஞ்சல் போய் எப்போது உத்தியோகமானது என்று தெரியவில்லை. அதுவும் கடைசி இரண்டு வருடம் ரொம்ப மோசம். முன்பெல்லாம் அவரும் ஒரு பார்வை பார்ப்பார். இப்போது நான் தட்டாவிட்டால் வண்டி ஓர் அங்குலம் நகராது. பச்சை விழுந்து, பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தாலும் காலை ஊன்றிக்கொண்டு அப்படியே இருப்பார். வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மனுஷனுக்கு வயதாக ஆகச் சோம்பேறித்தனம் முற்றிவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவேன். சில நாள் கொஞ்சம் பலமாகவே விழும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நகரத்துக்கு அந்தக் கோடியில இன்னொரு லேப் திறக்கிறோம். நீங்கதான் பொறுப்பா பார்த்துக்கணும். உங்களைத் தவிர யாரையும் நான் யோசிக்கல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரே ஒரு விஷயம். காலையில ஏழு மணிக்குத் திறந்தாகணும். நடுவுல ரெண்டு லேப்புக்கும் நீங்க அலையணும். சொந்தமா ஒரு வண்டி ஓட்டினாதான் சரிவரும். யோசிச்சு அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வண்டியிலேயே, ஹெல்மெட்டின் கீறலைப் பார்த்துக்கொண்டு, அவரிடம் விஷயத்தைக் கத்திச் சொன்னேன். போக்குவரத்துச் சத்தத்தில் பாதி காற்றோடு போனது. வீட்டில் வந்து மறுபடி சொன்னேன். ஷூவைக் கழற்றிவிட்டு, தூசிக்கு என்று தினமும் போடும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டே கேட்டவர், "அது எப்படிம்மா முடியும்? அந்தப் பக்கம் எனக்கு ரூட் இல்லையே" என்றார்.

அவருக்கு வேலை என் லேப்பைத் தாண்டிப் போனால் வரும் ஒரு குடோனில். தண்ணீர் மோட்டார் உதிரிபாகங்களுக்குக் கணக்கு வைக்கிறார். ஆகவே அவருக்கு ரூட் இல்லை. நான் வேலைக்குப் போவது, எனக்குக் கிடைத்த பொறுப்பு, என் ஆசை எல்லாமே அவருடைய ரூட்டில் வந்தால்தான் உண்டு. 'உனக்குப் பிடிச்சிருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. ஆனால் எப்போதும் போல ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். பிழிந்தால் வேர்வை சொட்டும் போல இருந்தது. 'உட்கார்ந்த இடத்தில் கணக்கு எழுதுகிறவருக்கு இவ்வளவு வேர்வை எங்கிருந்துதான் வருமோ' என்று சட்டையிடம்தான் எரிந்து விழுந்தேன். பையன் வேறு ஊரில் ஹாஸ்டலில் இருக்கிறான். அவன் இருந்தால் அவனிடமாவது புலம்பியிருப்பேன்.

மறுநாள் ரிசப்ஷன் பெண்ணிடம் போய் நின்றேன். அவள் ஸ்கூட்டரில் வருகிற வேகத்துக்கு லேப்பில் அவளை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவோம்.

"எனக்கு ஸ்கூட்டர் கத்துக் குடுப்பியா?"

"நீங்களா அக்கா? உங்களுக்குத்தான் டிரைவர் இருக்காரே!"

"அதனாலதான்."

ராக்கெட் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "முதல்ல எல்.எல்.ஆர். போட்டுடலாம். மத்தியானம் பின்பக்கம் வாங்க" என்றாள்.

லேப்புக்குப் பின்னால் பிளாஸ்டர் மூட்டை அடுக்கும் வெட்டவெளி இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் என் பள்ளிக்கூடம் நடந்தது. நேராக ஓட்டுவது எனக்கு உடனே வந்துவிட்டது. வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்புக்கு அந்த ஆட்டம் பழகித்தான் இருந்தது. திருப்பத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் திருப்பத்தில் என் இடது கை தானாக ஹேண்டில் பாரை விட்டு எழும்பி, முன்னால் இல்லாத ஒரு தோளைத் தட்டியது. வண்டி நேரே போய் மூட்டையில் முட்டிச் சாய்ந்தது. தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக எழுந்து நின்றேன்.

ராக்கெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாரைக்கா தட்டினீங்க? காத்தையா?"

அடுத்த தொல்லை இதைவிடப் பெரியது. ஓட்டும்போது நான் பாதி நேரம் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எந்தப் பக்கம் பார்க்கிறேனோ அந்தப் பக்கம் வண்டி போகும். "முன்னால பாருங்க அக்கா! முன்னால!" என்று அவள் தொண்டை வற்றக் கத்துவாள். எனக்கு முன்னால் பார்த்துப் பழக்கமில்லை. முன்னால் எப்போதும் ஹெல்மெட்தான் இருந்திருக்கிறது. அது இல்லாமல் திறந்து கிடக்கும் வழியைப் பார்க்கும்போது முதலில் பயம்தான் வந்தது. பிறகு ஒரு நாள், வெட்டவெளியைச் சுற்றி முழுதாக ஒரு வட்டம் அடித்தபோது, காற்று நேராக என் முகத்திலேயே அடித்தது. இவ்வளவு காலமும் எனக்கு வந்ததெல்லாம் அவர் போக மிச்சமான காற்று. நான் அழுதுவிட்டேன். ராக்கெட்டிடம் கண்ணில் பிளாஸ்டர் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

டெஸ்ட் அன்று டாக்டரம்மாவிடம் மட்டும் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ராக்கெட்டோடு போனேன். எட்டு போட்டேன், காலை ஊன்றவில்லை, தோளையும் தட்டவில்லை. பாஸ். திரும்பி வந்ததும் டாக்டரம்மா, "மாசக் கடைசி வந்தாச்சு. நாளைக்குக் காலையில எனக்குப் பதில் வேணும்" என்றார். சொல்கிறேன் என்றேன். உண்மையில் எனக்குள் சரி என்பது எப்போதோ முடிவாகியிருந்தது. வீட்டில் அவரிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றைத்தான் ராக்கெட்டிடம் புலம்பினேன்.

"வாயால சொல்லாதீங்க அக்கா, ஓட்டிக் காட்டுங்க. என் வண்டியை எடுத்துட்டுப் போங்க. நான் நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று ராக்கெட் சாவியைக் கையில் திணித்தாள்.

சாயங்காலம் ஹாரன் கேட்டது. நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"யாரோட வண்டி?"

"ராக்கெட்டோடது. நான் லைசென்ஸ் வாங்கிட்டேங்க. இன்னிக்குத்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரிப்பார் என்றும் கொஞ்சம் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் சாலையையே பார்த்தார். பிறகு, "என் வண்டியை இங்கேயே விட்டுட்டு உன் பின்னாடி உட்கார்ந்து வரட்டுமா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. முதல் முதலாக நான் தனியாக ஓட்டப் போகிறேன். அதிலுமா கூட வந்து தொற்றிக்கொள்ள வேண்டும்?

"வேணாங்க. நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வர்றேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவர் முன்கண்ணாடியை இறக்கினார். "சரி, வா" என்றார். ஆனால் உடனே கிளம்பவில்லை. ஹேண்டில் பாரை இரண்டு மூன்று முறை இறுக்கிப் பிடித்து விட்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என் வண்டியே பெரிய பாடு.

வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போகும் நேரம். சாலையில் ஊசி போட இடமில்லை. முதல் கொஞ்ச தூரம் நான் மிதந்துகொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம்தான் முன்னால் போகிற அவரைக் கவனித்தேன். இத்தனை வருடமாக அவரோடு போயிருக்கிறேனே ஒழிய, அவர் போவதைப் பார்த்ததே இல்லை.

அவர் ரொம்ப மெதுவாகப் போனார். அதுகூடப் பரவாயில்லை. இடது ஓரமாக ஒரு வேன் அவருக்கு ஒட்டினாற்போல வந்துகொண்டிருந்தது. அவர் அப்படி ஒரு வேன் இந்த உலகத்திலேயே இல்லை என்பதுபோல இடப்பக்கம் ஒதுங்கினார். வேன்காரர் கிறீச்சென்று பிரேக் போட்டார். ஒரு சாண்தான் இடைவெளி. வேன்காரர் தலையை வெளியே நீட்டி, "யோவ்! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கத்தினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. ஆமாம், அவர் கண் முதுகில்தான் இருந்தது. அது இன்றைக்கு வேறொரு வண்டியில் ஏறிக்கொண்டு வருகிறது.

"ஏங்க! வலது பக்கம் பஸ்! பஸ் வருது!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் நாலைந்து வண்டிகள் வந்துவிட்டன. முன்னால் போக இடமில்லை, ஒதுங்க வழியில்லை, இறங்கி ஓடலாம் என்றால் வண்டியை எங்கே போடுவது? இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் லாரியின் டயர். பிறர் வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, எட்டாத தூரத்தில் என் புருஷன் சாகாமல் இருக்க வேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பின்சீட்டில் மாட்டிக்கொண்டேன் என்று இத்தனை நாள் நினைத்தேனே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று அந்த அரை பர்லாங்கில்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிய சந்திப்பு வந்தது. சிவப்பு. பிறகு பச்சை. எல்லோரும் நகர்ந்தார்கள், அவர் நகரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு நின்றார். தோளில் தட்டு விழவில்லையே! சுற்றிலும் ஹாரன். ஒருவர் தாண்டிப் போகும்போது இவர் ஹெல்மெட்டிலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏதோ திட்டிக்கொண்டு போனார். இவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். என்னைத்தான். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். பட்டப்பகல் போல விளக்கு வெளிச்சம், நான் நேர் இடப்பக்கம் கொஞ்சம் பின்னால் நிற்கிறேன். அவருக்கு நான் தெரியவில்லை.

அதற்கு மேல்தான் அவர் அதைச் செய்தார். எஞ்சினை அணைத்தார். இறங்கினார். வண்டியைச் சாய்த்துப் பிடித்து, மேடு ஏற்றி, நடைபாதையில் உருட்டிக்கொண்டு நடந்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. மேட்டில் எப்படி ஏற்றுவது, கம்பம் வந்தால் எப்படிச் சுற்றுவது என்பதெல்லாம் காலுக்குத் தெரிந்திருந்தது. தினமும் செய்கிறவர் நடக்கிற நடை அது.

எப்படியோ சந்தில் புகுந்து நானும் நடைபாதைக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

"எத்தனை நாளா?" என்றேன்.

அவர் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றினார். சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. "என்ன எத்தனை நாளா?"

"மழுப்பாதீங்க. என்னை இறக்கி விட்டுட்டு குடோனுக்கு எப்படிப் போறீங்க?"

"உருட்டிக்கிட்டுதான். தெருமுனை திரும்பினதும் இறங்கிடுவேன். சாயங்காலமும் அப்படித்தான். உங்க லேப் தெருவுக்கு வந்ததும் ஏறி ஸ்டார்ட் பண்ணுவேன்." பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "ஒண்ணும் ரொம்ப தூரம் இல்லம்மா" என்றார்.

"கண்ணு?"

"ரெண்டு வருஷமாச்சு. நேரா பார்த்தா எல்லாம் தெரியுது. பக்கவாட்டுலதான் ஒண்ணும் தெரியல. டாக்டர்கிட்ட போனேன். போனது திரும்ப வராதாம். சொட்டு மருந்து போட்டா இருக்கிறது நிக்கும்னாரு. போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

தூசிக்கு என்று அவர் போட்டுக்கொண்ட சொட்டு மருந்து அதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "கண்ணு தெரியாம ரெண்டு வருஷமா என்னைப் பின்னாடி உட்கார வச்சு ஓட்டினீங்களா? நான் ஒரு நாள் கண் அசந்திருந்தா? ரெண்டு பேரும் போயிருப்போமே! பையன் என்ன ஆவான்னு நினைச்சீங்களா?"

"நீ பின்னாடி இருந்தா எனக்கு எல்லாம் தெரியும்மா. நீ இல்லாதப்ப உங்க லேப் தெருவைத் தாண்டி நான் ஓட்டினதே இல்ல. இன்னிக்குத்தான்."

இன்றைக்குத்தான். நான் தனியாகத்தான் வருவேன் என்று சொன்ன இன்றைக்கு. பின்னால் உட்கார்ந்து வரட்டுமா என்று அவர் கேட்டது காதில் மறுபடி விழுந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றேன்.

நடைபாதையில் இருவரும் நடக்க ஆரம்பித்தோம். அவர் மோட்டார் சைக்கிளை உருட்டினார், நான் ஸ்கூட்டரை உருட்டினேன். இரண்டு வண்டி, இரண்டு லைசென்ஸ், ஓட்டத்தான் ஆளில்லை. எதிரே வந்தவர்கள் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

"இவ்வளவு பாடு எதுக்குங்க? விட்டுத் தொலைச்சிருக்கலாமே. நான் ஒரு பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருப்பேன்."

அவர் நின்று என்னை நேராகப் பார்த்தார். நேராகப் பார்த்தால்தான் அவருக்கு நான் தெரிவேன். "நீ எப்படிப் பஸ்ல போவ? உனக்குப் பஸ்ஸுல ஏறினாலே வாந்தி வருமே."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. தலை சுத்துது, வாந்தி வருது, இனிமே பஸ்ல என்னால முடியாதுன்னு அழுதியே. அதுக்கு மறுநாள்தான் நான் கொண்டு விட ஆரம்பிச்சேன்."

எனக்கு யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு நினைவுக்கு வந்தது.

"அப்ப பையன் வயித்துல இருந்தாங்க! மூணாவது மாசம்!"

"அப்படியா?" என்றார். "அதுக்கப்புறம் நீ ஒண்ணும் சொல்லலையே."

அவர் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். நான் சட்டையிடம் சொன்னேன், ராக்கெட்டிடம் சொன்னேன், ஹெல்மெட்டின் கீறலிடம் தினமும் சொன்னேன். இவரிடம் மட்டும் சொல்லவில்லை. இவர் கேட்கவுமில்லை. எனக்கு முடியாது என்று அவரும், அவர் விடமாட்டார் என்று நானும், ஒரே வண்டியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து எங்கள் ஆயுசில் பாதியை ஓட்டியிருக்கிறோம்.

அதனால் அங்கேயே, வண்டியை உருட்டிக்கொண்டே சொன்னேன். "இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. எனக்குப் பஸ்ல வாந்தி வராது. பின்சீட்டு எனக்குப் பிடிக்கல. ரொம்ப வருஷமாவே பிடிக்கல. அந்தப் புது லேப்புக்கு நான் போகப் போறேன். நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட சரின்னு சொல்லப் போறேன்."

அவர் கேட்டுக்கொண்டார். முகத்தில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த முகத்தைப் படிக்க எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"என்னைக்குச் சேரணும்?"

"திங்கக்கிழமை."

"அது வரைக்கும் நான் கொண்டு போய் விடட்டுமா?" என்றார். "நாலு நாள்தானே. நீ பின்னாடி இருந்து பார்த்துக்க."

பிச்சை கேட்பதுபோல இருந்தது அது. 'சரி' என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை வருடமும் நான் சரி சரி என்று சொன்னதெல்லாம் இப்படித்தான் வாய்க்கு வந்திருக்கும்.

"வேணாங்க" என்றேன். "வேணவே வேணாம். இனிமே நீங்க இதைத் தொடக் கூடாது."

சண்டை வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"சரி" என்றார். அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வையைத்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. எனக்கே எதிரே எல்லாம் கலங்கித் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும், சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டே, "குடோன் பக்கம் எந்த பஸ் போகுது? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாமல் என்ன? நாள் தவறாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனவள் நான். காலையில் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே வரும் பஸ் அது. லேப் வரை வரும், அப்புறம் குடோன் இருக்கும் சாலைக்குள் திரும்பும்.

"முப்பத்தாறு" என்றேன். "நம்ம தெருமுனையிலேயே நிக்கும். ஜன்னல் பக்கம் எப்பவும் ரெண்டு சீட்டு காலியா இருக்கும்."